30 கினிப் புத்தகமும் விடுபட்ட அத்தியாயமும்

லோரன்ஸைப் பற்றி எங்கட ஆட்களோடு கதைத்தால் இரண்டு விதமான பதில்தான் வரும். ஒன்று, 1962ல் வந்த டேவிட் லீனின் படம். மற்றது, உஸ்மானியக் கிலாபத்தை உடைக்க வந்த வெள்ளைக்கார உளவாளி என்ற ஏச்சு. அந்த ஆள் எழுதிய புத்தகத்தைத் திறந்து பார்த்து விட்டுப் பேசுகிறவர்கள் மிகக் குறைவு. அதற்காக யாரையும் குறை சொல்லவும் முடியாது. ‘ஞானத்தின் ஏழு தூண்கள்’ 1926ல் முதன்முதலாகச் சந்தாதாரர் கைக்குப் போனபோது அச்சான பிரதிகள் மொத்தம் ஏறக்குறைய 200. இந்தக் கட்டுரை அந்த 200 என்ற கணக்கைப் பற்றியது.

குறைந்த எண்ணிக்கையில் அச்சாகி, நல்ல ஓவியங்களோடு, நூலாசிரியரின் கையொப்பத்தோடு வரும் நூல்களைச் சேகரிப்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய பொழுதுபோக்கு. அது பெரிய முதலீடும்கூட. இவற்றை அச்சிட்டவை பெரும்பாலும் தனி அச்சுக்கூடங்கள். வியாபாரத்தை நம்பாமல், நூல் அழகாக இருக்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் ஒருவரோ சிலரோ சேர்ந்து நடத்துவது அது. காகிதம், எழுத்து வார்ப்பு, மை, கட்டு எல்லாவற்றையும் தாங்களே தீர்மானிப்பார்கள். 200, 300 பிரதிகளோடு நிறுத்தி விடுவார்கள். ஒவ்வொரு பிரதியிலும் அதன் எண் இருக்கும், கையொப்பம் இருக்கும். இந்த மரபுக்கு இங்கிலாந்தில் பெரிய பெயர் வில்லியம் மொரிஸ். 1891ல் அவர் தொடங்கிய கெல்ம்ஸ்கொட் அச்சுக்கூடம் 1896ல் வெளியிட்ட சோசர் கவிதைத் தொகுப்பில் பேர்ன் ஜோன்ஸின் 87 ஓவியங்கள் உண்டு. காகிதத்தில் 425 பிரதி, தோலில் 13 பிரதி. காகிதப் பிரதியின் விலையே 20 பவுண். மொரிஸ் சோசலிசவாதி. அழகு தொழிலாளியின் வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று மேடை மேடையாகப் பேசியவர். அந்த விலையில் எந்தத் தொழிலாளியின் வீட்டுக்குப் போயிருக்கும் என்பதை வாசகரே யோசித்துக் கொள்ளட்டும்.

லோரன்ஸ் இந்த மரபின் பிள்ளை. ஒக்ஸ்பேர்டில் படிக்கிற காலத்திலேயே, நண்பர் ஒருவரோடு சேர்ந்து மொரிஸைப் போல ஒரு கை அச்சுக்கூடம் நடத்தக் கனவு கண்டவர். யுத்தம் வந்து அவரை ஹிஜாஸுக்குக் கொண்டு போனது. கனவு மட்டும் போகவில்லை. யுத்தம் முடிந்து எழுதிய முதற் கைப்பிரதியை 1919ல் ரெடிங் ரயில் நிலையத்தில் தொலைத்தார். திரும்ப எழுதினார். 1922ல் ஒக்ஸ்பேர்டின் பத்திரிகை அச்சகமொன்றில் எட்டே எட்டுப் பிரதி அடித்து, நெருங்கிய சிலருக்கு வாசிக்கக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் 30 கினிச் சந்தாவில் அலங்காரப் பதிப்பொன்றைக் கொண்டு வரும் முடிவு.

அந்தப் பதிப்பின் வேலைப்பாட்டைச் சும்மா சொல்லக் கூடாது. மானிங் பைக் என்ற அமெரிக்கர் லண்டனில் இதற்கென்றே அச்சு வேலையில் இறங்கினார். அத்தியாயத் தலையெழுத்துக்களை எட்வேர்ட் வட்ஸ்வர்த் வரைந்தார். மரச்செதுக்குப் படங்களை பிளெயர் ஹியூஸ் ஸ்டன்டன் போன்றவர்கள் செய்தார்கள். ஓகஸ்டஸ் ஜோன், போல் நாஷ், வில்லியம் றொபேர்ட்ஸ் என்று அந்தக் காலத்து ஆங்கில ஓவியத்தின் பெரிய கைகள் எல்லாம் உள்ளே. ஒரு பிரதியைப் போல இன்னொன்று இராதபடி, வெவ்வேறு ஆட்களிடம் கொடுத்து வெவ்வேறு விதமாகக் கட்டுவித்தார் லோரன்ஸ். எண் போடவில்லை. மொத்தம் எத்தனை பிரதி என்பதையும் வெளியே சொல்லவில்லை. முழுமையான பிரதி ஒவ்வொன்றிலும், இது முழுமையானது என்று தன் கையாலேயே எழுதி, மூன்று எழுத்தில் ஒப்பமிட்டார்: டீ. ஈ. எஸ். கடைசி எழுத்து ஷா என்பதற்கு. புகழிலிருந்து ஒளிந்து கொள்ள, சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தபோது அவர் வைத்துக் கொண்ட பெயர் அது. ஆக, இன்று சேகரிப்பாளர்கள் கொட்டிக் கொடுத்து வாங்கும் அந்தக் கையொப்பம், ஒருவர் தன்னை மறைக்கப் போட்டுக் கொண்ட பெயரின் கையொப்பம். புத்தகம் வெளியான டிசம்பரிலேயே ஆள் கப்பலேறி, கராச்சியில் இருந்த விமானப் படை முகாமுக்குப் போய்விட்டார்.

பணத்துக்காகச் செய்தார் என்று சொன்னால் அநியாயம். செலவு சந்தாவை விழுங்கி, அவர் கடனாளியானார். கடனை அடைக்கத்தான் 1927ல் ‘பாலைவனத்தில் கலகம்’ என்ற சுருக்கத்தை ஜொனதன் கேப் வெளியிட்டார்கள். கடன் தீர்ந்ததும் இங்கிலாந்தில் அதன் விற்பனையையும் நிறுத்தச் சொன்னார். மிஞ்சியது தர்மத்துக்குப் போனது. அமெரிக்காவில் பதிப்புரிமையைக் காக்க 22 பிரதி அச்சிட்டு, அதில் 10 பிரதிக்கு ஒன்று 20,000 டொலர் என்று விலை போட்டார்கள். யாரும் வாங்கக் கூடாது என்பதற்காகவே வைத்த விலை! விற்பதற்காக அல்லாமல் விற்காமல் இருப்பதற்காக விலை வைத்த புத்தகத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. இதெல்லாம் சேர்ந்து நடந்தது ஒன்றுதான்: 30 கினிக்கு வாங்கிய பிரதிகள் கொஞ்சக் காலத்திலேயே பல மடங்கு விலைக்குக் கைமாறின. ஒளித்தால் விலை ஏறும். இது எங்கட ஊர்ச் சந்தைக்கும் தெரிந்த விஷயம்.

இனி உள்ளே இருக்கிற ஓவியங்கள். 1935ஆம் ஆண்டுப் பொதுப் பதிப்பில் இருக்கிற பிரதிகளை வைத்தே இதைச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் அரபுலகத்தைப் பற்றிய ஆங்கில அலங்கார நூல் என்றால் எட்மண்ட் டூலக் 1907ல் வரைந்த ‘ஆயிரத்தொரு இரவுகள்’ மாதிரித்தான் இருக்கும். அதற்கும் கையொப்பமிட்ட சிறப்புப் பதிப்பு இருந்தது. நீல இரவு, பிறைநிலா, தலைப்பாகை, மெலிந்த பெண்கள். பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் அந்த முகங்களுக்கு ஊர் இல்லை, பெயரும் இல்லை. லோரன்ஸின் நூலில் பெரும்பங்கு வரைந்த எரிக் கெனிங்டன் அந்த வழியில் போகவில்லை. 1921ல் தானே பயணம் செய்து, கலகத்தில் நின்றவர்களை எதிரே உட்கார வைத்து வண்ணக் கட்டியால் வரைந்தார். ஹுவைத்தாத் கோத்திரத்தின் ஔதா அபூ தாயீயை அவர் வரைந்திருப்பதைப் பாருங்கள். அகபாவைப் பிடித்த மனிதர் அவர். அந்தக் கண்ணில் வயதும் சந்தேகமும் இருக்கிறது, பெருமையும் இருக்கிறது. அலங்காரத்துக்காக வைத்த அரபி இல்லை அது, ஔதா என்ற ஆள். முகப்பில் உள்ள பைஸலை ஓகஸ்டஸ் ஜோன் 1919ல் பாரிஸ் சமாதான மாநாட்டுக் காலத்தில் வரைந்தார். கேட்டதைத் தருவார்களா என்று காத்திருக்கிற ஒருவரின் முகம். 1920 ஜூலையில் பிரான்ஸ் அவரை டமஸ்கஸிலிருந்து விரட்டியது தெரிந்து பார்த்தால் அந்தப் படம் வேறு மாதிரித் தெரியும்.

என் வாதம் இங்கேதான் வருகிறது. இந்த முகங்களுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த நூல், இந்த முகத்துக்குரியவர்களை வாசகர்களாக நினைக்கவில்லை. மொழி ஆங்கிலம், விலை 30 கினி, கிடைக்கும் வழி அறிமுகம். அவர்கள் படமாக உள்ளே வந்தார்கள், வாசகராக வர வாசல் இருக்கவில்லை. எண்ணிக்கையை வரையறுப்பது என்பது யார் வாசிக்கலாம் என்று தீர்ப்புச் சொல்வது. காகிதத்தின் அழகையும் கட்டின் அழகையும் பற்றிப் பேசுகிற சேகரிப்பாளர்கள் இந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசுவதில்லை.

அழகுக்காக வசனத்திலும் கை வைத்தார் லோரன்ஸ். 1922இன் பாடம் ஏறக்குறைய 335,000 சொல். 1926ல் அது ஏறக்குறைய 250,000 ஆகச் சுருங்கியது. சுருக்கியதில் பல இடம் நன்றாகவும் வந்திருக்கிறது என்பதை ஒப்புக் கொள்ள வேண்டும். ஆனால் அச்சுப்படி வந்த பிறகும், சொற்களுக்கிடையில் வெள்ளை இடைவெளி ஆறு மாதிரி ஓடக் கூடாது, பத்தியின் கடைசி வரி பார்வைக்கு உறுத்தக் கூடாது என்பதற்காகச் சொற்களைக் கூட்டியும் வெட்டியும் இருக்கிறார். வெண்பாவில் தளை தட்டாமல் இருக்கச் சொல் மாற்றுகிற புலவரை எங்களுக்குத் தெரியும். அது ஓசைக்காக. ஒரு சனத்தின் போராட்டத்தைச் சாட்சியாக எழுதுகிற வசனத்தில், பக்கம் சதுரமாகத் தெரிவதற்காகச் சொல் மாற்றுவதை என்னால் அவ்வளவு இலேசாக எடுத்துக் கொள்ள ஏலாது.

அதை விடப் பெரியது விடுபட்ட அத்தியாயம். நூலுக்கு முகப்பாக லோரன்ஸ் எழுதிய முதல் அத்தியாயம் 1926ஆம் ஆண்டுப் பதிப்பில் இல்லை. இரண்டாவது அத்தியாயமே நல்ல தொடக்கம் என்று பேர்னாட் ஷா சொன்ன ஆலோசனையின் பேரில் எடுத்து விட்டார். அந்த அத்தியாயத்தில் என்ன இருக்கிறது? யுத்தம் முடிந்தால் சுயாட்சி தருவோம் என்று சொல்லித்தான் பிரித்தானியா அரபுகளைச் சண்டைக்கு இறக்கியது, வென்றால் அந்த வாக்குறுதி செத்த காகிதம் என்று தனக்குத் தெரிந்தே இருந்தது, தெரிந்திருந்தும் அவர்களைக் கூட்டிக் கொண்டு போனேன் என்ற வாக்குமூலம் இருக்கிறது. ஷரீப் ஹுசைனுக்கு மக்மஹோன் 1915, 1916ல் எழுதிய கடிதங்களையும், அதே 1916ல் பிரான்சோடு ரகசியமாகச் செய்து கொண்ட சைக்ஸ் பிக்கோ உடன்படிக்கையையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்தப் பக்கங்களின் கனம் தெரியும். இந்தக் குற்றவுணர்வு நூலின் வேறு இடங்களிலும் தலைகாட்டுகிறது. ஆனால் இவ்வளவு வெளிப்படையாக, வாசலிலேயே நின்று சொல்வது அங்கேதான்.

ஷாவின் காரணம் அரசியல் இல்லை, இலக்கியம். தொடக்கம் எடுப்பாக இருக்க வேண்டும் என்பது. அதுதான் எனக்கு உறுத்துகிறது. தணிக்கை என்றால் கோபப்பட்டு விட்டுப் போகலாம். இங்கே ஒரு நல்ல விமர்சகர், ஒரு நல்ல எழுத்தாளர், ரசனை என்ற ஒரே அளவுகோலால் அளந்து, நூலின் மிக நேர்மையான பக்கங்களை எடுத்து வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பிரதியிலும் ‘முழுமையானது’ என்று கையால் எழுதினார் லோரன்ஸ். படங்கள் எல்லாம் முழுமையாக இருக்கின்றன என்பதே அதன் பொருள். யுத்தத்தில் கூட நின்ற, பணம் கட்ட முடியாத நண்பர்களுக்குச் சில படங்கள் குறைந்த பிரதிகளை இனாமாகக் கொடுத்தார். அவை குறைப் பிரதிகள். வாக்குமூலம் இல்லாதது குறையாக எண்ணப்படவில்லை. அந்த அத்தியாயம் 1939ல், அவர் இறந்து நான்கு வருஷம் கழித்து, வேறொரு தொகுப்பில் அச்சாகிப் பிறகு நூலோடு திரும்பச் சேர்ந்தது.

நூல் டமஸ்கஸில் முடிகிறது. 1918 ஒக்டோபர். அந்த நகரத்துக்கு நூலில் ஒப்பமிடுவது பற்றி வேறொரு வழக்கம் இருந்தது. ஹதீஸ் நூலொன்றை ஆசிரியர் முன்னிலையில் சத்தமாக வாசித்து முடித்த பிறகு, அந்தக் கைப்பிரதியின் கடைசியிலோ ஓரத்திலோ ‘ஸமாஃ’ எழுதுவார்கள். எந்த இடம், எந்தத் திகதி, வாசித்தவர் யார், கேட்டவர்கள் யார் யார். பெரிய ஆலிமின் பெயருக்குப் பக்கத்தில் பெண்களின் பெயர் இருக்கும், அடிமைகளின் பெயர் இருக்கும், சிறு பிள்ளையென்றால் வயதோடு இருக்கும். பிந்தி வந்தவர், இடையில் தூங்கிப் போனவர் என்றும் குறித்திருக்கிறார்கள்! ஹிஜ்ரி 550க்கும் 750க்கும் இடைப்பட்ட டமஸ்கஸ் ஸமாஃக்களை மட்டும் தொகுத்துப் பெரிய அகராதியொன்றே 1996ல் வெளியாகியிருக்கிறது. பல நூல்களின் முதற் பக்கத்தில் வக்புக் குறிப்பும் இருக்கும்: விற்கவும் கூடாது, நன்கொடையாகக் கொடுக்கவும் கூடாது. அந்தப் பிரதியின் மதிப்பு எத்தனை பேர் அதைக் கேட்டார்கள் என்பதில் இருந்தது. பெயர்கள் கூடக் கூடப் பிரதியின் தரம் ஏறும். வரையறுத்த பதிப்பில் ஒப்பமிட்ட பெயர் ஒன்று. அது இத்தனை பேருக்கு மேல் இல்லை என்பதற்குச் சாட்சி. ஸமாஃவில் உள்ள பெயர்கள் வாசித்ததற்குச் சாட்சி.

இதைச் சொல்லி எங்கட மரபு முழுக்கச் சுத்தம் என்று மார்தட்டவும் வழியில்லை. அரசவைகளில் ஒரே ஒரு ஆளுக்காகச் செய்த நூல்கள் எங்களிடமும் நிறைய உண்டு. ஷா தஹ்மாஸ்பின் ‘ஷாஹ்நாமா’வில் 258 ஓவியங்கள். ஒரேயொரு பிரதி. 1568ல் உஸ்மானிய சுல்தானுக்குப் பரிசாகப் போய், கை மாறிக் கை மாறி 1959ல் ஆதர் ஹௌட்டன் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளரிடம் வந்தது. அவர் அதைப் பக்கம் பக்கமாகப் பிரித்தார். 78 ஓவியங்கள் நியூயோர்க் மெட்ரோபொலிடன் நூதனசாலைக்குப் போயின, மற்றவை ஏலத்திலும் தனியாரிடமும் சிதறின. மிஞ்சிய 118ஐ 1994ல் ஈரான் ஒரு நவீன ஓவியத்தைக் கொடுத்து மாற்றிக் கொண்டது. புத்தகத்தை நேசிப்பவன் என்று பெயரெடுத்த ஒருவரின் கையில்தான் அந்தப் புத்தகம் புத்தகமாக இல்லாமல் போனது.

இலங்கைக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. ஆனந்த குமாரசுவாமியின் ‘மத்தியகால சிங்களக் கலை’ 1908ல் இங்கிலாந்தின் புரோட் கம்ப்டனில், மொரிஸ் சோசரை அச்சிட்ட அதே அச்சுப் பொறியில் அச்சானது. 425 பிரதி. தற்செயலோ என்னவோ, கெல்ம்ஸ்கொட் சோசரின் காகிதப் பிரதிக் கணக்கும் அதேதான். கண்டிப் பிரதேசக் கைவினைஞர்களின் தொழிலை இவ்வளவு மதிப்போடு எழுதியவர் அதற்கு முன் இல்லை. அந்த நூல் மறுபதிப்பாக வந்தது 1956ல், நியூயோர்க்கில். இடையில் 48 வருஷம். அந்தத் தட்டானுக்கும் சித்திரக்காரனுக்கும் தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வந்திருக்குமா? குமாரசுவாமியின் மேல் எனக்குள்ள மதிப்பு பெரிது. இந்தக் கேள்வி அதனால் குறையவில்லை.

நாங்கள் நடத்துவது வேறு வகையான வரையறுத்த பதிப்பு. கவிதை நூல் போட்டால் 300 பிரதி, தைரியசாலி என்றால் 500. அதில் பாதியைக் கையொப்பமிட்டு இனாமாகக் கொடுக்கிறோம். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி பெறுபவர் என்று ஒரு தனவந்தரை மேடைக்கு அழைத்து, அவர் கவரில் வைத்துத் தருவதில் அச்சுக் கூலியின் ஒரு பங்கைத் தேற்றுகிறோம். அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது, அவர் இல்லாவிட்டால் அரைவாசி நூல் வெளிவராது. ஆனால் அந்த முதற்பிரதி வாசிக்கப்படுவதை நான் எதிர்பார்ப்பதில்லை. அதே நேரம் எங்கட பாட்டன்மாரின் அரபுத்தமிழ் கிதாபுகள் பரணில் செல்லரிக்கின்றன. அவற்றின் ஓரத்தில் யார் யார் பெயர் எழுதியிருக்கிறார்கள், எந்த மத்ரஸாவில் ஓதியிருக்கிறார்கள் என்று பார்த்துக் குறித்து வைக்க ஆளில்லை. பழைய நூல் சேர்க்கிற சிலர் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். அவர்கள் அலுமாரியைப் பூட்டி வைக்காமல், கேட்டு வருகிறவனுக்குப் பிரதி எடுக்கவாவது விடுவார்களா என்பதுதான் நான் கேட்கிற கேள்வி.

தனி அச்சுக்கூடங்களை முழுக்கத் தள்ளி விடவும் ஏலாது. லோரன்ஸின் 1922ஆம் ஆண்டு முழுப் பாடத்தை எந்தப் பெரிய பதிப்பகமும் தொடாமல் இருந்தபோது, 1997ல் அதை அச்சில் கொண்டு வந்தது காஸில் ஹில் என்ற சிறிய அச்சுக்கூடம். அதுவும் வரையறுத்த பதிப்பாகத்தான். ஆனால் சில வருஷத்துக்குள் அதே பாடத்தைச் சாதாரண ஒற்றைப் பாகமாகவும் வெளியிட்டார்கள். செய்ய முடியும், மனம் வேண்டும்.

1935ல் கேப் வெளியிட்ட பொதுப் பதிப்பின் விலை 30 ஷில்லிங். கினி ஒன்றுக்கு 21 ஷில்லிங் என்று பார்த்தால், சந்தாப் பதிப்பின் விலையில் 21இல் ஒரு பங்கு. அதை வாங்கினால் கெனிங்டனின் முகங்கள் கிடைக்கும், முதல் அத்தியாயம் கிடைக்காது. பிறகு வந்த பெங்குயின் பதிப்பில் அந்த அத்தியாயம் முன்னாலேயே இருக்கிறது. இந்த நூலைப் படிக்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம், மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் பெங்குயினைத் தேடுங்கள், அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, காசைக் கொடுக்க முதல் அந்த அத்தியாயம் இருக்கிறதா என்று மட்டும் திறந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.